உங்கள் பாஸ்வேர்ட் அந்த லிஸ்ட்டில் இருக்கிறதா?

அக்கா மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் என்கிற முறையில் சீர்வரிசையோடு இன்னொரு வேலையும் என் தலையில் விழுந்தது. பத்திரிகை வைக்க வேண்டியவர்களின் லிஸ்ட்டை ஒன்றாகச் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

லிஸ்ட் ஒன்றா இரண்டா? அக்காவின் பழைய டைரி, அத்தானின் ஆபீஸ் லிஸ்ட், என் மனைவி போனில் எழுதி வைத்தது, மாப்பிள்ளை வீட்டார் வாட்ஸ்அப்பில் அனுப்பியது என நான்கு. எல்லாவற்றையும் டைப் செய்து பார்த்தால் ஆயிரத்துக்கு மேல் பெயர்கள். ஒரே ஆள் மூன்று லிஸ்ட்டில் இருக்கிறார். ஒன்றில் 'வாசு பெரியப்பா', இன்னொன்றில் 'அடையாறு பெரியப்பா', மூன்றாவதில் 'சீனிவாசன், ரிட்டயர்டு'. இரண்டு ராத்திரி பேனாவும் கையுமாக உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கைவிட்டேன்.

மூன்றாம் நாள் அக்கா மகன் வந்தான். இன்ஜினீயரிங் படிக்கிறவன். "குடுங்க மாமா" என்று வாங்கிக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தான். கறுப்புத் திரை. சில வரிகள் தட்டினான். நான் காபி குடித்து முடிப்பதற்குள் லிஸ்ட் தயார். எல்லாரும் ஒரே ஒரு முறை, வரிசையாக.

"எப்படிடா?"

"போன் நம்பரை வெச்சு வரிசைப்படுத்தினேன். ஒரே நம்பர் திரும்ப வந்தா ஒண்ணை மட்டும் வெச்சுக்கிட்டேன். அவ்வளவுதான் மாமா." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னான்: "பாஸ்வேர்ட் திருடறவங்களும் இதே வேலையைத்தான் பண்றாங்க. ஊர்ல கசிஞ்ச பாஸ்வேர்டையெல்லாம் இப்படித்தான் ஒரே லிஸ்ட்டா சேர்த்து வெச்சிருக்காங்க. உங்களோடதுகூட அதுல இருக்கலாம்."

நான் சிரித்தேன். என் பாஸ்வேர்டை யார் லிஸ்ட் போடப் போகிறார்கள்?

கறுப்புத் திரையில் ஒரு வரி

அவன் பயன்படுத்தியதை 'கமாண்ட் லைன்' என்கிறார்கள். படமோ பட்டனோ கிடையாது. கட்டளையை எழுதி என்டர் தட்டினால் கணினி செய்து முடிக்கும். அதில் 'சார்ட்' என்று ஒரு கட்டளை. யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஆரம்ப காலத்திலிருந்தே இருப்பது. எத்தனை ஃபைல்களைக் கொடுத்தாலும் ஒன்றாகச் சேர்த்து அகர வரிசையில் அடுக்கிவிடும். 'ஒரு வரியை ஒரு முறை மட்டும் வை' என்று கூடவே ஒரு எழுத்தைச் சேர்த்தால், திரும்ப வருவதை நீக்கியும் கொடுக்கும்.

முதலில் ஏன் வரிசைப்படுத்த வேண்டும்? கலைந்து கிடக்கும் ஆயிரம் பெயர்களில் ஒரு பெயர் திரும்ப வருகிறதா என்று பார்க்க, ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிட வேண்டும். வரிசையாக அடுக்கிவிட்டால், ஒரே பெயர்கள் தாமாகப் பக்கத்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அடுத்த வரியை மட்டும் பார்த்தால் போதும்.

ஆயிரம் பேருக்கு எக்ஸெல் போதுமே என்று கேட்கலாம். போதும்தான். ஆனால் எக்ஸெல் ஒரு ஷீட்டில் 10,48,576 வரிகளுக்கு மேல் ஏற்காது. பாஸ்வேர்ட் லிஸ்ட்கள் கோடிக் கணக்கில் இருப்பவை. 'சார்ட்' கட்டளையோ பெரிய ஃபைலைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டையும் அடுக்கி ஓரமாக வைத்துவிட்டு, கடைசியில் எல்லாவற்றையும் கோத்துவிடும். கணினியின் நினைவகத்தில் அடங்காத ஃபைலைக்கூட இப்படிச் சமாளிக்கும்.

ஆனால் அடுக்குவதற்கு முன் சுத்தம் செய்ய வேண்டும். எங்கள் கல்யாண லிஸ்ட்டில் சில நம்பர்களுக்கு முன்னால் 91 இருந்தது, சிலவற்றுக்கு இல்லை. நடுவில் இடைவெளி விட்ட நம்பர்கள் வேறு. மனிதக் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கணினிக்கு இரண்டு. பாஸ்வேர்ட் லிஸ்ட்டிலும் இதே தலைவலி உண்டு. விண்டோஸில் எழுதிய ஃபைலில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து கூடுதலாக இருக்கும். லினக்ஸில் எழுதியதில் இருக்காது. அதை நீக்காமல் சேர்த்தால் ஒரே சொல் இரண்டு முறை நிற்கும்.

3 கோடி பேரின் ரகசியம்

சரி, இந்த லிஸ்ட்கள் எங்கிருந்து வருகின்றன?

அதிகம் பேசப்படும் கதை 'ராக்யூ'வுடையது. மைஸ்பேஸ், ஃபேஸ்புக் போன்ற தளங்களில் போட்டோக்களை ஸ்லைடு ஷோவாக ஓடவிடும் சின்னச் சின்ன செயலிகளைச் செய்துவந்த அமெரிக்க நிறுவனம் அது. 2009 டிசம்பரில் அதன் தகவல் கிடங்குக்குள் ஒருவர் புகுந்தார். அங்கே 3 கோடியே 26 லட்சம் பாஸ்வேர்டுகள் எந்தப் பூட்டும் இல்லாமல், எழுதியபடியே கிடந்தன. அவை இணையத்தில் வெளியாயின.

இம்பெர்வா என்ற பாதுகாப்பு நிறுவனம் அவற்றை எண்ணிப் பார்த்தது. முதலிடம் 123456. அதை மட்டும் 2,90,731 பேர் வைத்திருந்தார்கள். முதல் பத்துக்குள் 'பாஸ்வேர்ட்' என்ற சொல்லே இருந்தது. 'ஐ லவ் யூ' இருந்தது. 'பிரின்சஸ்' இருந்தது. அந்த நிறுவனத்தின் பெயரான 'ராக்யூ'வும் இருந்தது.

திரும்ப வருபவற்றை நீக்கியபோது மிஞ்சியது சுமார் 1 கோடியே 43 லட்சம் வரிகள். அந்த ஃபைல் இன்றும் உலவுகிறது. பாதுகாப்புச் சோதனை செய்பவர்கள் பயன்படுத்தும் காலி லினக்ஸ் என்ற இயங்குதளத்திலேயே அது சேர்த்துத்தான் வருகிறது. நிறுவனத்தின் மீது அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்து, 2012-ல் இரண்டரை லட்சம் டாலர் அபராதமும் விதித்தது. ஆனால் வெளியே போனதைத் திரும்ப அழைக்க யாராலும் முடியவில்லை.

அப்பா எச்சரித்தார், மகன் செய்து காட்டினார்

மனிதர்கள் இப்படித்தான் பாஸ்வேர்ட் வைப்பார்கள் என்பது அதற்கு 30 வருடங்களுக்கு முன்பே தெரிந்த விஷயம். 1979-ல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ராபர்ட் மோரிஸும் கென் தாம்ப்சனும் ஒரு கட்டுரை எழுதினார்கள். 3,289 பாஸ்வேர்டுகளைச் சேகரித்துப் பார்த்ததில், 86 சதவிகிதம் எளிதில் கண்டுபிடிக்கக்கூடியவை. 15 பேர் ஒரே ஓர் எழுத்தைத்தான் வைத்திருந்தார்கள்! அகராதியிலும் பெயர்ப் பட்டியல்களிலும் தேடியே 492 பாஸ்வேர்டுகள் சிக்கின.

ஒன்பது வருடங்கள் கழிந்தன. 1988 நவம்பர் 2-ம் தேதி இரவு, அமெரிக்கக் கணினிகளில் தானாகப் பரவும் ஒரு நிரல் புகுந்தது. சில ஆயிரம் கணினிகள் திணறி நின்றன. அது பரவுவதற்குக் கையாண்ட வழிகளில் ஒன்று, பாஸ்வேர்டை யூகிப்பது. அதற்காகத் தன்னுள்ளேயே 432 சொற்கள் கொண்ட ஒரு லிஸ்ட்டைச் சுமந்துகொண்டு போனது. அதை எழுதியவர் கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் டாப்பன் மோரிஸ். 1979-ல் எச்சரித்தாரே, அதே மோரிஸின் மகன்!

மகனுக்கு 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், 400 மணி நேர சமூக சேவையும், அபராதமும் தண்டனை. பிற்பாடு அவர் எம்.ஐ.டி-யில் பேராசிரியரானார். 432 சொற்கள் மட்டும் காலப்போக்கில் கோடிகளாக வளர்ந்தன.

மாவும் உப்பும்

"இப்பல்லாம் யாரும் பாஸ்வேர்டை அப்படியே எழுதி வெக்க மாட்டாங்களே?" என்று மருமகனிடம் கேட்டேன்.

உண்மைதான். பொறுப்பான நிறுவனங்கள் அதை அரைத்து வைக்கின்றன. இதற்கு 'ஹேஷ்' என்று பெயர். அரிசியை மாவாக்கலாம், மாவை அரிசியாக்க முடியாது. அதுபோல, ஹேஷிலிருந்து பாஸ்வேர்டைத் திரும்ப எடுக்க வழியில்லை. நீங்கள் உள்ளே நுழையும்போது டைப் செய்வதை மறுபடி அரைத்து, இரண்டு மாவும் ஒன்றா என்று மட்டும் பார்ப்பார்கள்.

பிறகு திருடனுக்கு எப்படித் தெரிகிறது? இங்கேதான் லிஸ்ட் வேலை செய்கிறது. அவன் மாவை அரிசியாக்க முயல்வதில்லை. லிஸ்ட்டில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் தானே அரைத்துப் பார்க்கிறான். எந்த மாவு பொருந்துகிறதோ, அதுதான் உங்கள் பாஸ்வேர்ட். பூட்டை உடைக்கவில்லை. கோடிச் சாவிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறான்.

இதைத் தடுக்க ஒரு வழி உண்டு. அதன் பெயர் 'சால்ட்', அதாவது உப்பு! ஒவ்வொருவரின் பாஸ்வேர்டோடும் வெவ்வேறு 'உப்பு' சேர்த்து அரைத்தால், இரண்டு பேர் ஒரே பாஸ்வேர்ட் வைத்திருந்தாலும் மாவு வேறு வேறாக இருக்கும். ஒருமுறை அரைத்ததை எல்லோர் மீதும் பொருத்திப் பார்க்க முடியாது. 1979 கட்டுரையிலேயே இந்த யோசனை வந்துவிட்டது. ஆனாலும் 2012-ல் லிங்க்ட்இன் தளத்திலிருந்து சுமார் 65 லட்சம் ஹேஷ்கள் வெளியானபோது அவற்றில் உப்பு சேர்க்கப்பட்டிருக்கவில்லை. 2016-ல் அதே கசிவிலிருந்து 11.7 கோடி கணக்குகளின் விவரங்கள் விற்பனைக்கு வந்தன.

அந்த வருடம் ஜூனில் மார்க் ஸக்கர்பெர்க்கின் ட்விட்டர், பின்ட்ரெஸ்ட் கணக்குகளுக்குள்ளேயே ஹேக்கர்கள் புகுந்தார்கள். லிங்க்ட்இன் கசிவில்தான் பாஸ்வேர்டைக் கண்டெடுத்ததாகச் சொன்னார்கள். ஃபேஸ்புக்கை உருவாக்கியவருக்கே இந்த நிலை.

பெரிய லிஸ்ட்டா, நல்ல லிஸ்ட்டா?

சேர்ப்பது சுலபமானதும் ஆளாளுக்குச் சேர்க்க ஆரம்பித்தார்கள். 2019 ஜனவரியில் 'கலெக்‌ஷன் 1' என்ற பெயரில் ஒரு குவியல் வந்தது. 12,000-க்கும் மேற்பட்ட ஃபைல்கள், 77.3 கோடி இ-மெயில் முகவரிகள். அவ்வளவு பெரிய குவியலிலும் திரும்ப வருபவற்றைக் கழித்தால் பாஸ்வேர்டுகள் 2.1 கோடிதான்! நாம் எவ்வளவு தூரம் ஒருவரைப் போல ஒருவர் யோசிக்கிறோம் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

2021-ல் 'ராக்யூ 2021' என்று 840 கோடி வரிகள் கொண்ட ஃபைல் வந்து உலகத்தையே பயமுறுத்தியது. பிறகு பார்த்தால் அதில் பெரும்பகுதி யாருடைய பாஸ்வேர்டும் இல்லை. அகராதிச் சொற்களும் பழைய லிஸ்ட்களும் சேர்த்துக் கொட்டிய குப்பை.

திருடனுக்கு முக்கியம் நீளம் இல்லை, முன்னுரிமை. நான்கு லிஸ்ட்டிலும் பெயர் இருப்பவருக்கு முதலில் பத்திரிகை வைப்பதுபோல, அதிகம் பேர் வைத்திருக்கும் பாஸ்வேர்டை முதலில் போட்டுப் பார்ப்பான். எது எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, அதிகம் வருவதை மேலே வைக்கவும் கமாண்ட் லைனில் ஒரே வரி போதும்.

"நான் பேருக்குப் பின்னாடி 123 போட்டிருக்கேன், முதல் எழுத்தைப் பெருசா போட்டிருக்கேன்" என்று நிம்மதியாக இருக்காதீர்கள். 'ஏ'வுக்குப் பதில் '@' போடுவது, கடைசியில் பிறந்த வருடம் சேர்ப்பது, ஆச்சரியக்குறி வைப்பது... இந்தத் தந்திரங்கள் எல்லாம் அவர்களுக்குத் தெரியும். லிஸ்ட்டில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் இப்படியெல்லாம் மாற்றிப் பார்க்கும் விதிகள் அவர்களின் மென்பொருளிலேயே இருக்கின்றன.

திருடனின் லிஸ்ட்டே காவல்காரனாக

இதே லிஸ்ட்டை நல்லதற்குத் திருப்பியவர் ட்ராய் ஹன்ட். ஆஸ்திரேலியர். 2013 டிசம்பரில் 'ஹேவ் ஐ பீன் போன்டு' என்ற இலவச இணையதளத்தைத் தொடங்கினார். உங்கள் இ-மெயில் முகவரி எந்தக் கசிவில் சிக்கியது என்று அது சொல்லும். 2017 ஆகஸ்ட்டில் 30.6 கோடி கசிந்த பாஸ்வேர்டுகளைச் சேர்த்து, 'உங்கள் பாஸ்வேர்ட் இதில் இருக்கிறதா?' என்று பார்க்கும் வசதியையும் கொண்டுவந்தார்.

பாஸ்வேர்டை இன்னொரு தளத்தில் டைப் செய்வதே ஆபத்து இல்லையா? நல்ல கேள்வி. அதற்கு அழகான வழி வைத்திருக்கிறார்கள். நீங்கள் டைப் செய்வது உங்கள் கருவியிலேயே ஹேஷாக மாறுகிறது. அதன் 40 எழுத்துகளில் முதல் 5 மட்டுமே வெளியே போகிறது. அந்த ஐந்தில் தொடங்கும் எல்லா ஹேஷ்களையும் தளம் அனுப்பிவைக்கும். அவற்றில் உங்களுடையது இருக்கிறதா என்று உங்கள் கருவியே பார்த்துக்கொள்ளும். 'எனக்குப் பத்திரிகை உண்டா?' என்று நேரடியாகக் கேட்காமல், 'சீ-யில் தொடங்குகிற பெயரெல்லாம் படியுங்கள்' என்று சொல்லிவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வதுபோல.

2017-ல் அமெரிக்காவின் நிஸ்ட் என்கிற தர நிர்ணய நிறுவனமும் தன் விதிகளை மாற்றியது. கசிந்த லிஸ்ட்களில் இருக்கும் பாஸ்வேர்டை ஏற்காதீர்கள், காரணம் இல்லாமல் மாதாமாதம் மாற்றச் சொல்லாதீர்கள், நீளமாக வைக்க விடுங்கள் என்றது.

என் முறை

"உங்களோடதைப் பாக்கலாமா மாமா?" என்றான் மருமகன்.

என் பாஸ்வேர்ட், அப்பாவின் பெயரும் அவர் பிறந்த வருடமும். அவர் தவறிய வருடத்தில் வைத்தது. இ-மெயில், போட்டோக்கள், ஷாப்பிங், ரயில் டிக்கெட் எல்லாவற்றுக்கும் அதுதான். அவன் திரும்பி உட்கார்ந்துகொள்ள, நான் டைப் செய்தேன்.

இருந்தது. ஒரு முறை அல்ல, பல முறை. என் அப்பாவின் பெயர் நிறைய அப்பாக்களுக்கு உண்டு. நிறைய பிள்ளைகள் என்னைப் போலவே யோசித்திருக்கிறார்கள்.

அடுத்து என் இ-மெயில் முகவரியைப் போட்டான். அதுவும் கசிவில் சிக்கியிருந்தது. பல வருடங்களுக்கு முன் ஒரே ஒரு பொருள் வாங்கிவிட்டு மறந்துபோன ஒரு தளம். இ-மெயிலும் பாஸ்வேர்டும் ஜோடியாக வெளியே போனால், அந்த ஜோடியை மற்ற தளங்களிலெல்லாம் போட்டுப் பார்ப்பார்கள். அப்பாவின் கடைசிப் படங்கள், ஆஸ்பத்திரியில் பேத்தியைக் கொஞ்சும் அந்த வீடியோ எல்லாம் அதே சாவிக்குப் பின்னால்தான் இருந்தன.

நான் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. மாற்ற வேண்டும் என்று புரிந்தது. ஆனால் தினமும் காலையில் அந்தப் பெயரை டைப் செய்வது எனக்கு ஒரு பழக்கம். அதை அழிக்கக் கை வரவில்லை.

அவன் புரிந்துகொண்டான். "தாத்தா பேரை எடுத்தாத்தானே மாமா தாத்தா போட்டோவைக் காப்பாத்த முடியும்?"

வீட்டில் இன்றைக்கே செய்யலாம்

அன்று இரவு நாங்கள் இருவரும் செய்ததை நீங்களும் செய்யலாம். ஒரு மணி நேரம் போதும்.

1. முதலில் இ-மெயில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். மற்ற எல்லாக் கணக்குகளையும் 'மறந்துவிட்டேன்' என்று சொல்லித் திறக்க உதவும் சாவி அதுதான்.

2. ஒரு பாஸ்வேர்ட் ஒரே இடத்துக்குத்தான். எங்கோ ஓரிடத்தில் கசிந்தாலும் இழப்பு அங்கேயே நின்றுவிடும்.

3. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்து நீளமாக வையுங்கள். பாட்டு வரி, பழமொழி, சாமி பெயர், பிள்ளைகளின் பெயர் வேண்டாம்.

4. எல்லாவற்றையும் நினைவில் வைக்க முடியாது. ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் பாஸ்வேர்டைச் சேமித்து வைக்கும் வசதி இருக்கிறது. கசிந்தவை எவை என்று அதுவே எச்சரிக்கும்.

5. இரண்டடுக்குப் பாதுகாப்பை இயக்கி வையுங்கள். பாஸ்வேர்ட் தெரிந்தாலும் இரண்டாவது கதவு இருக்கும்.

6. வீட்டுப் பெரியவர்கள் பாஸ்வேர்டை நோட்டில் எழுதி பீரோவில் வைத்தால் திட்டாதீர்கள். வெளிநாட்டிலிருக்கும் ஹேக்கரால் உங்கள் பீரோவைத் திறக்க முடியாது. எல்லா இடத்திலும் ஒன்றையே வைப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

வீட்டுப் பிள்ளைகள் ஆர்வத்தில் இந்த லிஸ்ட்களைத் தேடிப் போகலாம். கற்றுக்கொள்வது நல்லது, தங்கள் சொந்தக் கணினியில் சோதிக்கட்டும். அடுத்தவர் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்தினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் பிரிவு 66 சி-யின்படி 3 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்பதையும் சொல்லி வையுங்கள். உங்கள் கணக்கிலிருந்து பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 எண்ணுக்கு அழையுங்கள்.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. வாசு பெரியப்பாவுக்கு ஒரே ஒரு பத்திரிகைதான் போனது. மற்ற வருடங்களில் ஒவ்வொரு விசேஷத்துக்கும் மூன்று வரும் என்று சொல்லிச் சிரித்தார்.

அப்பா பெயர் இப்போது என் பாஸ்வேர்டில் இல்லை. அவர் படத்தைப் போன் திரையில் வைத்திருக்கிறேன். தினமும் காலையில் பார்த்துவிட்டுத்தான் பூட்டைத் திறக்கிறேன். அதை எந்த லிஸ்ட்டிலும் யாராலும் சேர்க்க முடியாது.